காட்டோட கூட்டுப் பண்ணையம்

ஏங்கண்ணு, இயற்கையோட சேந்து கலை பண்ணப் போறேன்னு உன்ற அம்மாகிட்டச் சொன்னியாமா? அவ போன் பண்ணி, "ஏனுங்ப்பா, உங்க பேரன் மரஞ்செடியோட கூட்டு வச்சுத் தொழில் பண்றானாமா, சம்பளம் வருமா வராதான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்"கறா. மரம் சம்பளம் குடுக்காது அம்மிணி, நெழல் குடுக்கும், சித்திரை மாசத்துல அதுவே பெருசுன்னு சமாதானம் சொல்லி வச்சிருக்கேன். சாயங்காலம் மறுபடியும் கூப்பிடுவா. அப்ப நீயே பேசிக்க.

மாங்கரை செக்போஸ்டுல பையைத் தொறந்து என்ன இருக்குதுன்னு கேட்டிருப்பாங்களே? கலை இருக்குதுன்னு சொன்னியா? நல்லவேளை, சொல்லல. ரசீது கேட்டிருப்பாங்க.

சரி, உன்ற ரோசனையெல்லாம் கேட்டாச்சு. கொடுங்கரைப் பள்ளத்துல கூழாங்கல்லை அடுக்கிக் கோபுரம் கட்டறது. காகிதத்தை மழையில காயப் போட்டு மழையையே படம் வரைய வைக்கறது. ஆலமரத்துக்கு மஞ்சத் துணி சுத்தறது. இந்த மூணாவது இருக்குது பாரு, அதை மட்டும் பண்ணிப்போடாதே சாமி. நீ துணியைச் சுத்திட்டுக் கோயமுத்தூர் போயிட்டு நாலு நாள் கழிச்சு வந்து பாரு. பக்கத்துல சூலம் நட்டிருப்பாங்க, குங்குமம் வச்சிருப்பாங்க, உண்டியல் வந்திருக்கும். உன்ற கலைக்குப் பூசாரி ஆருன்னு ரெண்டு ஊரு சண்டை போட்டுக்கிட்டு இருக்கும்.

எனக்குப் படிப்பு கம்மி. பண்ணையம் மட்டும் தெரியும். பூமியை வாரத்துக்கு விட்டா, வெள்ளாமை வந்ததும் களத்து மேட்டுலயே பங்கு பிரிச்சுக்குவோம். வெதை ஆரு போட்டது, ஏரு ஆரு ஓட்டுனது, எரு ஆரு அடிச்சது, அத்தனைக்கும் கணக்கு உண்டு. பங்கு குடுக்காம மூட்டை கட்டறவனுக்கு அடுத்த வருசம் ஆரும் பூமி விடமாட்டாங்க. நீ காட்டோட கூட்டுங்கறே. நல்ல சங்கதி. காட்டுக்கு என்ன வாரம் பேசியிருக்கறே? ஏன் முழிக்கறே, மோரைக் குடி.

கல்லு அடுக்கறேங்கறியே, அந்தப் பள்ளத்துல ஒரு கல்லை மெதுவாப் பொரட்டிப் பாரு. அடியில வெரல் நகத்தளவு குழாய் மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். குச்சியும் மணலும் சேத்துக் கட்டுன ஊடு. உள்ள ஒரு புழு. வாயில இருந்து பட்டு மாதிரி நூல் விட்டு, மணலை ஒவ்வொண்ணா எடுத்து ஒட்டி, தானே சுவர் எழுப்பி உக்காந்திருக்கும். மேஸ்திரி கெடையாது, சிமெண்டு கெடையாது. நீ கோபுரம் கட்டறேன்னு அந்தக் கல்லை வெய்யில்ல தூக்கி வச்சா, அந்த ஊடு அன்னைக்கே காலி. தலைப்பிரட்டையும் மீன்குஞ்சும் ஒளிஞ்சிருந்த எடமும் போச்சு. ஒரு கலைஞன் ஊட்டை இடிச்சுட்டு இன்னொரு கலைஞன் கோபுரம் கட்டறதுக்குப் பேரு கூட்டாடா?

பிரான்சு தேசத்துல ஒருத்தர் இருக்கறாரு, யூபேர் டூப்ரான்னு பேரு. நீதான் செல்லுல காட்டுனே. 1980-கள்ல அந்த மனுசன் இதே சாதிப் புழுவைத் தொட்டித் தண்ணியில வளத்து, மணலுக்குப் பதிலாத் தங்கத் துணுக்கும் முத்தும் போட்டாராம். புழுவும் ரோசிக்காம தங்கத்துலயே ஊடு கட்டிருச்சாம். நம்மூருல ஒரு பவுன் விக்கற வெலைக்கு, கூட்டாளிக்கு இத்தனை பெரிய மொதலு போட்ட ஆளை நான் கேள்விப்பட்டதில்லை. அதைவிட எனக்கு ஆச்சரியம், றெக்கை மொளச்சதும் அது அந்தத் தங்கக் கூட்டை அப்படியே விட்டுட்டுப் பறந்துருமாம். நம்ம சொந்தத்துல எந்தப் புள்ளையும் அப்படிப் பொறந்த ஊட்டை விட்டுப் போனதில்லை.

அடுத்தது அமெரிக்காக்காரன். மைக்கேல் ஹைசர்னு ஒருத்தர், 1969-ல நெவாடா பாலைவனத்துல எந்திரத்தை வச்சு மேட்டை வெட்டி, 2,40,000 டன் பாறையைத் தள்ளி, எதிரெதிரா ரெண்டு பெரிய பள்ளம் பண்ணி, 'டபுள் நெகட்டிவ்'னு பேரு வச்சாரு. பள்ளந்தான் சிற்பமாம். ஒலகமே போய்ப் பாக்குது. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு ஒரே வெசனம். ஏன்னா நம்ம தடாகம் பள்ளத்தாக்குல 180-க்கு மேல செங்கல் சூளை இருந்துச்சு. செம்மண்ணை வருசக்கணக்கா வெட்டி, தென்னைமரம் நிக்கற ஆழத்துக்குக் குழி பண்ணி வச்சாங்க. ஹைசரு ரெண்டு பள்ளம் வெட்டுனாரு, நம்மாளுக எத்தனை வெட்டுனாங்கன்னு எண்ணவே முடியாது. ஆனா கலைன்னு பேரு வைக்க ஒருத்தனுக்கும் தோணல. செங்கல்னு சொல்லிட்டாங்க. 2021 மார்ச்சுல மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வந்து மொத்தத்தையும் இழுத்து மூடிருச்சு. உன்னை மாதிரி ஒரு படிச்ச புள்ளை கூட இருந்திருந்தா கண்காட்சின்னு சொல்லி டிக்கெட்டுப் போட்டிருக்கலாம்.

சிரிக்காதே. அந்தச் சூளையில எரிக்கறதுக்குப் பனை மரத்தை வெட்டி அடுக்கி வச்சிருந்தாங்க. பனஞ்சோத்து வாசத்துக்கு யானை கீழ எறங்கி வந்து பழகிருச்சு. பழகுனதுக்கப்பறம் யானை ஊருக்குள்ள வருதுன்னு ஊரே ஒப்பாரி. 2019 ஜனவரியில சின்னத்தம்பிங்கற யானையைப் புடிச்சு லாரியில ஏத்தி டாப்சிலிப்புல கொண்டுபோய் விட்டாங்களே, ஞாபகம் இருக்குதா? அவன் அங்கிருந்து நடந்தே உடுமலைப் பக்கம் கரும்புக்காட்டுல வந்து நின்னான். திரும்பப் புடிச்சு, இப்ப கும்கியாக்கி வச்சிருக்கறாங்க. யானையோட ஒறவாடறதுல நம்ம லட்சணம் இது. அதனால யானையை வச்சுக் கலை பண்றேன்னு ஆராவது சொன்னா, நான் மொதல்ல பாகன் கை எங்க இருக்குதுன்னு பாப்பேன்.

தாய்லாந்து யானை படம் வரையுதுன்னு வீடியோ காட்டுனியே, தும்பிக்கையில பிரஷைப் புடிச்சுப் பூவும் மரமும் போடுதே, அதுலயும் நான் பாகனைத்தான் பாத்தேன். 2009-ல டெஸ்மண்ட் மாரிஸ்னு ஒரு வெள்ளைக்கார வெலங்கியல் அறிஞரு நேர்ல போய் நின்னு பாத்து எழுதிட்டாரு. சனங்க எல்லாம் தும்பிக்கையைப் பாக்கறப்ப பாகன் காதைப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கறான். மேல இழுத்தா மேல கோடு, பக்கத்துல இழுத்தா பக்கத்துல கோடு. தெனமும் அதே படம். பள்ளிக்கூடத்துல உன்னைக் காதைத் திருகி வாய்ப்பாடு படிக்க வச்சாங்களே, அதே கல்விமுறைதான். இத்தனைக்கும் அந்த மாரிஸ், வெலங்குக்குக் கலை வராதுன்னு சொல்ற ஆளில்ல. காங்கோன்னு ஒரு சிம்பன்சி வரைஞ்ச படங்களை 1957-லயே லண்டன்ல கண்காட்சி வச்ச மனுசன். அந்தக் காங்கோ படம் முடியறதுக்கு முன்னால பிரஷைப் புடுங்குனா கத்துமாம், முடிஞ்சதுக்கப்பறம் குடுத்தா தொடாதாம். அது கலைஞன். அதை நான் ஒத்துக்கறேன்.

பங்குன்னு சொன்னேனே, ஒரு குரங்குக்கு அது கோர்ட்டு வரைக்கும் போச்சு. 2011-ல இந்தோனேசியாக் காட்டுல ஒரு குரங்கு, போட்டோகிராபரோட கேமராவுல தன்னைத் தானே படம் புடிச்சுக்கிச்சு. அந்தப் பல்லைக் காட்டற படம் ஒலகம் பூரா ஓடுச்சு. படம் ஆருதுன்னு வழக்கு. போட்டது ஆருங்கறே? ஜல்லிக்கட்டுல வந்து நின்னாங்களே, அதே பீட்டா. குரங்குக்காக வக்கீல் வச்சாங்க. 2017-ல போட்டோகிராபரு, இனி அந்தப் படத்துல வர்ற வருமானத்துல 25 சதவீதம் அந்தக் குரங்கினத்தைக் காப்பாத்தற காரியத்துக்குக் குடுக்கறேன்னு ஒத்துக்கிட்டாரு. 2018-ல கோர்ட்டு, குரங்குக்குப் பதிப்புரிமை வழக்குப் போடற பாத்தியதை இல்லைன்னு சொல்லிருச்சு. சட்டப்படி பூச்சியம், பேச்சுவார்த்தையில காவாசி. நம்ம கெராமத்துப் பஞ்சாயத்துல கூட இப்படித்தான் முடிச்சிருப்போம்.

இதையெல்லாம் சொல்லி உன்ற ஆசையைக் கெடுக்கறேன்னு நெனைக்காதே. ஒழுங்காக் கூட்டுப் பண்ணையம் பண்ணுன ஆளுகளும் இருக்கறாங்க. ரொம்பத் தூரமில்லை, நீலகிரியில, கூடலூர்ப் பக்கம்.

அந்தா, வேலியோரம் நிக்குதே உண்ணிச்செடி, அதுல ஒரு கொப்பை ஒடிச்சுப் பாரு. தண்டு உருண்டையா இருக்காது, நாலு பட்டையா இருக்கும், வளைஞ்ச முள்ளு கையைக் கீறும். எலையைக் கசக்குனா மூக்கை அரிக்கற ஒரு நாத்தம். பூ மட்டும் ஒரே கொத்துல மஞ்சளும் ரோசுமா மினுக்கும். அந்த மினுக்கைப் பாத்துத்தான் வெள்ளைக்காரன் 1800-களோட தொடக்கத்துல அமெரிக்கக் கண்டத்துல இருந்து தோட்டத்துக்கு அழகுக்குன்னு கொண்டாந்து நட்டான். தோட்டத்துல நிக்குமா அது? கருப்புப் பழத்தைச் சின்னான் குருவி தின்னு போற எடமெல்லாம் வெதைச்சுட்டுப் போகுது. கீழ புல்லு மொளைக்க வுடறதில்லை. மாடு தப்பித்தவறித் தின்னா காமாலை வந்து, வெய்யில்பட்ட எடத்துல தோலு வெந்து உரியும். 2020-ல வந்த ஒரு ஆய்வு, நாட்டுல புலி இருக்கற காட்டுப் பரப்புல 40 சதவீதத்துல உண்ணி புகுந்திருக்குது, ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேலன்னு சொல்லுது. யானைக்குத் தீனி இல்லாம பண்ணுன ஆளுகள்ல இவனும் ஒருத்தன்.

இப்ப கேளு. கூடலூர்ல 'ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ்'னு ஒரு கூட்டம். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆளுக. அவிங்க இந்த உண்ணிக்குச்சியை வெட்டிக் கொண்டாந்து, பெரிய தொட்டித் தண்ணியில வேக வைக்கறாங்க. வெந்ததும் பட்டை கழண்டு வரும், முள்ளும் அதோட போயிரும். குச்சி எளகி, சொன்ன பக்கம் வளையும். இரும்புக் கம்பியில யானைக்கு எலும்புக்கூடு கட்டி வச்சுருவாங்க. அதுமேல குச்சியை வளைச்சு, ஆணியடிச்சு, நெறுக்கி நெறுக்கி மூடிக்கிட்டே வந்தா, கடைசியில தோலு சுருக்கம் வரைக்கும் தெரியற ஒரு யானை நெச அளவுல எந்திரிச்சு நிக்குது. அதுவும் ஏதோ ஒரு யானை கெடையாது. அந்தக் காட்டுல நடமாடற இன்ன யானை, இன்ன கொம்பு, இன்ன காதுன்னு ஆளைப் பாத்துச் செஞ்சது. சுப்ரா நாயர்ங்கற அம்மிணி வடிவம் போட்டுக் குடுக்க, யானையை ஆராய்ச்சி பண்ற தர்ஷ் தேக்கேகரா கூட நிக்க, குச்சியை வளைச்சதெல்லாம் காட்டு ஆளுக கை. யானை எப்படித் திரும்பும், எப்படிக் காதை விரிச்சா ஓடணும்னு தெரிஞ்ச கை. உன்ற காலேசுல யானையைப் பாக்காமயே யானைச் சிலைக்கு மார்க்கு போடற வாத்தியாரு இருக்கலாம், அங்க அது நடக்காது.

2021-ல அந்த யானைக்கூட்டம் லண்டன்ல ராணி ஊட்டுப் பக்கத்துப் பூங்காவுல போய் நின்னுச்சு. 2024-ல 100 யானை அமெரிக்காவுக்குப் போச்சு. நியூபோர்ட், நியூயார்க், மயாமின்னு ஊரு ஊராச் சுத்துச்சு. வித்த காசு, மனுசனும் மிருகமும் ஒரே எடத்துல பொழைக்கற காரியத்துக்கும், செஞ்ச ஆளுக கூலிக்கும். பாத்துக்க கண்ணு, நெச யானை மாங்கரை தாண்டி ரோட்டுக்கு வந்தா நம்மாளுக பட்டாசு வெடிக்கறாங்க. உண்ணி யானை மயாமி கடற்கரையில நின்னா சனங்க கட்டிப்புடிச்சுப் போட்டோ எடுக்கறாங்க. போன வருசம் என்ற வாழையைச் சாச்ச ஒத்தைக் கொம்பனும் அதுல இருப்பானோன்னு போட்டோவையெல்லாம் ஒண்ணு ஒண்ணாப் பாத்தேன். இல்ல, அதெல்லாம் கூடலூர் யானையாமா. அவன் இங்கதான் இருக்கறான், நாளைக்குப் பலாவுக்கு வருவான்.

இதுல பங்கு என்னன்னு பாரு. காட்டுல இருந்து எடுத்தது, காடே தொலைஞ்சாப் போதும்னு நெனைக்கற செடி. எடுத்த எடத்துல புல்லு மொளைக்கும், மானும் யானையும் திங்கும். செஞ்சவனுக்குக் கூலி. பாத்தவனுக்குப் படம். இத்தனை நேர்த்தியா வாரம் பிரிச்ச கூட்டை நான் ரெண்டாவது ஒண்ணு கேட்டதில்லை. மேகாலயாவுல காசி சனங்க ரப்பர் அத்தி மரத்து வேரை ஆத்துக்குக் குறுக்க இழுத்து வளத்துப் பாலமாக்கறாங்களே, அது வேணும்னா ஒப்புக்குச் சேத்துக்கலாம். ஆனா அதுக்கு 15, 20 வருசம் காத்திருக்கணும். உனக்குப் பொறுமை பத்தாது, ஒரு தோசை வேகறதுக்குள்ள செல்லை மூணு தடவை பாக்கறே.

நீயும் உண்ணியை எடுத்துச் செய்யப் போறேன்னு இப்ப உன்ற கண்ணு சொல்லுது. செய். ஆனா ஒரு குசும்பான சந்தேகம் எனக்கு. உண்ணியை மேலாக வெட்டிக்கிட்டு வேரை விட்டா, அடுத்த மழைக்கு அது ஒண்ணுக்கு நாலாத் தழைச்சு நிக்கும். சரக்குத் தட்டுப்பாடே வராது. கலைஞனுக்குக் கொண்டாட்டம், காட்டுக்குக் கேடு. தொழில் பெருகி, ஆர்டர் குவிஞ்சு, வருசம் 500 யானை வேணும்னு கப்பல் வந்து நின்னா, உண்ணி அழியட்டும்னு நீ மனசார நெனைப்பியா? பொடக்காளியில நாலு செடி வளத்து வைக்கலாமான்னுதானே தோணும்? ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டர் இருக்கறப்ப அந்தக் கவலை இப்போதைக்கு வேண்டாம்ங்கறியா, அதுவும் சரிதான். நூறு யானைக்கு வெட்டுனது அந்தக் காட்டுக்குக் காது குடைஞ்ச மாதிரி. அரசாங்கமே, இதே மாதிரி காட்டைப் புடிச்ச மஞ்சக்கொன்னையை வெட்டிக் காகித ஆலைக்குக் குடுத்துக்கிட்டு இருக்குது. நீ மழைக்குக் காயப்போடற காகிதத்துல கூட அது இருக்கலாம், மழையைக் கேட்டுப் பாரு.

பேரு போட்டுக்கற விசயம் ஒண்ணு பாக்கி. குமிட்டிபதி மலைக் குகையில வெள்ளைச் சாயத்துல ஒரு யானை வரைஞ்சிருக்குது. பாறை அவ்வளவு பழசு, படமும் பழசு. வரைஞ்சவன் பேரு எங்கயும் இல்லை. பக்கத்துலயே நம்ம காலத்துப் பசங்க பேரும், காதலி பேரும், அம்பு விட்ட நெஞ்சும் கிறுக்கி வச்சிருக்கறாங்க. மனுசன் போட்ட கையெழுத்து அத்தனையும் அங்க அசிங்கமாத் தெரியுது, யானை மட்டும் நல்லாருக்குது. பள்ளத்துக்கு அக்கட்ட அட்டப்பாடியில நஞ்சியம்மா இருக்கறாங்களே, ஆடு மாடு மேய்க்கற இருளர் அம்மா. அவிங்க பாட்டுக்கு ஆடுகளும் மலையும்தான் மொதல் சபை. 2020 சினிமாப் பாட்டுக்கு தேசிய விருது வந்தப்ப, சங்கீதம் முறையாப் படிச்ச சில பேரு, இது என்ன நியாயம்னு மூக்கைச் சிந்துனாங்க. மேய்ச்சல் காட்டுல பாடிப் பழகுனதுக்கு வாத்தியாரு சர்டிபிகேட் இல்லைங்கறது அவிங்க வருத்தம். உனக்கு நாளைக்கு அந்த மாதிரி வருத்தம் வந்துரக் கூடாதுன்னுதான் இப்பவே சொல்றேன்.

சரி, பொழுது ஏறுது. காப்புக் காட்டுக்குள்ள அனுமதியில்லாம கால் வச்சா 1882-ம் வருசத்து வனச் சட்டப்படி குத்தம், கலைக்கெல்லாம் விலக்கு இல்லை. ரேஞ்சர் ஆபீசுல எழுதி வாங்கிக்க. உண்ணியைக் காய் பழுக்கறதுக்கு முன்னால வெட்டு. வேர்க்கழுத்துக்குக் கீழ வெட்டித் தலைகீழாப் போடு. எலையை மாடு வாய் வைக்காத எடத்துல குமி. கைக்கு ஒறை போட்டுக்க. குச்சி வேக வைக்க என்ற பழைய நெல்லு வேக்கற அண்டா இருக்குது, தாறேன். ஓட்டை போட்டுக் கொண்டாந்தா உன்ற அம்மாகிட்ட வசூல் பண்ணிக்குவேன்.

கூட வேலைக்கு வர்ற இருளர் ஆளுகளுக்கு அன்னன்னைக்குச் சாயங்காலமே கூலியைக் கையில குடுத்துரு. கண்காட்சி முடியட்டும், விருது வரட்டும்னு கதை சொல்லாதே. பலகையில உன்ற பேரு எழுதறப்ப அவிங்க பேரையும் அதே அளவு எழுத்துல எழுது.